அப்புச்சிக்கு ஒட்டகச்சிவிங்கி காட்டிய சனிக்கிழமை

எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது இந்தியில்தான் இருக்கும். எனக்குத் தமிழும் தெரியும், ஆங்கிலமும் தெரியும் என்பதால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேறு வழி இல்லை. அம்மாவுடையது ஹாஸ்டலில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த இந்தி. அப்பாவுடையது பூனாவில் வேலை பார்த்தபோது ஆட்டோக்காரர்களிடம் சண்டை போட்டுக் கற்றுக்கொண்ட இந்தி. இரண்டும் சமையலறையில் சந்தித்துக்கொண்டால் ஒரு வாக்கியம் முடிவதற்குள் இருவரும் கையை ஆட்டி ஆட்டிக் களைத்துப்போவார்கள். எனக்கு ஒன்பது வயதான வருடம் அந்த இந்தி நாளுக்கு நாள் அதிகமாகிக்கொண்டே போனது. என் பிறந்தநாளுக்கு நாய்க்குட்டி வாங்குவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் முடிவு கட்டி, நாய்க்குப் பெயர்கூட வைத்துவிட்டேன்.

பேச்சு நாயைப் பற்றியது அல்ல, அப்புச்சியைப் பற்றியது. அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். அம்மாயி, அதாவது பாட்டி, இறந்து ஒரு வருடம் அவர் சூலூர் வீட்டில் தனியாக இருந்து பார்த்தார். பிறகு அம்மா போய், வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அவரை டெக்சஸுக்கு, ஃபிரிஸ்கோவில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். விசிட்டர் விசாவில் ஆறு மாதம். அது முடியப்போகும்போது இன்னும் ஆறு மாதத்துக்கு விண்ணப்பித்தார்கள். அதற்குப் பிறகு என்ன என்று அப்போது யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அப்புச்சி வீட்டுக்குள்ளும் சட்டையை இன் பண்ணி பெல்ட் போட்டிருப்பார். இளவயதில் தான்சானியாவில் ஒரு சின்ன ஊரில், அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அந்தக் காலத்தில் நம்மூரிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு இப்படி வாத்தியார் வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர். அவருடைய ஆங்கிலம் அம்மா அப்பாவின் ஆங்கிலத்தைவிடத் திருத்தமாக இருக்கும். ஆனால் என்னிடம் தமிழில்தான் பேசுவார். நான் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வேன். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

பகலெல்லாம் அவர் தனியாக இருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஆபீஸுக்குப் போய்விடுவார்கள், நான் பள்ளிக்கு. ஃபிரிஸ்கோவில் கார் ஓட்டத் தெரியாத மனிதனுக்குப் போக்கிடம் கிடையாது. அனுமார் கோயிலுக்குக்கூட யாராவது கூட்டிப் போனால்தான் உண்டு. அதனால் அப்புச்சி தினமும் எங்கள் குடியிருப்பின் தெருக்களில் நடப்பார். எல்லாம் ஒரே கம்பெனி கட்டிய வீடுகள். அதே செங்கல், அதே கராஜ், முற்றத்தில் அதே வயதில் நட்ட அதே ஒல்லி மரம். ஒரு நாள் நடந்துவிட்டு வந்தவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், எங்கள் வீட்டைப் போலவே இருந்த வீட்டின் கராஜ் திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே போய், செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். மாடியிலிருந்து இறங்கி வந்த பெண்மணி கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. போலீஸ்காரர் ஒருவர் அவரைத் தன் காரில் உட்கார வைத்து எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

எனக்கு அது பிரமாதமான கதையாக இருந்தது. பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். அப்பாகூட முதலில் சிரித்தார். அம்மாவும் சிரித்துக்கொண்டேதான் செருப்பைத் திரும்ப வாங்கப் போனாள். அந்த வீட்டுக்காரப் பெண்மணி மிகவும் மரியாதையாக, தன் கணவர் மட்டும் அப்போது வீட்டில் இருந்திருந்தால் துப்பாக்கியை எடுத்திருப்பார், கடவுள்தான் காப்பாற்றினார் என்று சொல்லிச் செருப்பைக் கொடுத்தாளாம். அதற்கு அடுத்த வாரம் அப்புச்சி டீ போட்டுவிட்டு அடுப்பை அணைக்க மறந்து, புகை அலாரம் அலறி, அம்மா மீட்டிங்கை விட்டுவிட்டு ஓடி வந்தாள். அன்று யாரும் சிரிக்கவில்லை. அதிலிருந்துதான் சமையலறையில் இந்தி அதிகமானது.

அப்புச்சியிடம் எனக்குப் பிடித்தது அவருடைய ட்விகா கதை. ஸ்வாஹிலியில் ஒட்டகச்சிவிங்கிக்கு ட்விகா என்று பெயர். அவர் இருந்த ஊரிலிருந்து சில மணி நேரம் போனால் பெரிய காடு. நடுவில் நெடுஞ்சாலை போகும், இரண்டு பக்கமும் வேலி கிடையாது, கூண்டு கிடையாது. பள்ளிக்கூடத்து ஜீப்பையும் டிரைவரையும் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆறு வயதுப் பாப்பாவை, அதாவது என் அம்மாவை, ட்விகா காட்டக் கூட்டிப் போனாராம். போனபோது ஒன்றுமே இல்லை, வெறும் புல்லும் முள்மரமும். பாப்பா அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போது ஒரு மரம் தலையைத் திருப்பிப் பார்த்தது. அது மரமில்லை. பக்கத்திலிருந்த மரமும் மரமில்லை. பார்க்கப் பார்க்க, மரம் என்று நினைத்ததில் பாதி ஒட்டகச்சிவிங்கிகள். எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பி ஜீப்பைப் பார்த்தன. பாப்பா அவர் மடிமேல் ஏறி நின்று கைதட்டிச் சிரித்தாளாம். அப்படி ஒரு சிரிப்பைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்பார். பிறகு அவை அவசரமே இல்லாமல், ஒரு சத்தமும் இல்லாமல் நடந்து போய்விட்டன. திரும்பி வரும் வழியில் பாப்பா கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள்.

கதை எப்போதும் இந்த இடத்தில் முடிந்துவிடும். ஒரு முறை நான், அப்புறம் என்ன ஆச்சு என்று விடாமல் கேட்டேன். அப்புச்சி, "அப்பறம் என்ன கண்ணு, ஊட்டுக்கு வந்துட்டோம்" என்றார். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலேயே, "அப்புறம் அடுத்த வாரம் ஏற்காடு" என்றாள். அப்புச்சி டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். ஏற்காட்டிலும் ஒட்டகச்சிவிங்கி இருக்கும் போலிருக்கிறது, இவர்களுக்குத்தான் எத்தனை கொடுப்பினை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஏற்காட்டில் இருந்தது ஹாஸ்டல். இது எனக்குப் பின்னால், கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். அங்கிருந்த நம்மூர் வாத்தியார்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்களாம். பிள்ளைக்கு ஆறு ஏழு வயதானால் இந்தியாவுக்கு அனுப்பி ஹாஸ்டலில் சேர்த்துவிடுவார்கள். ஊருக்குப் போகிற வேறொரு வாத்தியாரின் மனைவியோடு அம்மாவை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். லீவுக்கு மாமா வீட்டுக்குப் போகிறாய், பின்னாலேயே அப்பாவும் அம்மாவும் வருவோம் என்று சொன்னார்களாம். மாமா இரண்டே நாள் வைத்திருந்துவிட்டு ஏற்காட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்குப் பிறகு அம்மா தன் பெற்றோரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பார்த்தாள். ட்விகா பார்த்தது அவளை அனுப்புவதற்கு முந்தைய வாரம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா என்னைக் கராஜுக்குள் கூப்பிட்டு ஒரு ரகசியம் சொன்னாள். ஆச்சரியம் என்னவென்றால் அதைத் தமிழிலேயே சொன்னாள். "நாளைக்கு அப்புச்சிய ஜிராஃப் பாக்கக் கூட்டிட்டுப் போறோம். டிரைவ் பண்ணி இரண்டு மணி நேரம்தான். அவர்கிட்ட மூச்சு விடாதே, சர்ப்ரைஸ்." எங்கள் ஊருக்குத் தென்மேற்கே மலைச்சரிவில் ஒரு பெரிய பண்ணை இருக்கிறது. ஆப்பிரிக்க மிருகங்களை ஆயிரக்கணக்கான ஏக்கரில் திறந்து விட்டிருப்பார்கள். நாம்தான் காருக்குள் அடைந்து கிடந்து பார்க்க வேண்டும். என் வகுப்பில் எல்லோரும் போய்விட்டு வந்திருந்தார்கள், நான் மட்டும்தான் பாக்கி.

அந்த ரகசியத்தை இரண்டு தோசை சாப்பிடும் நேரம்வரை காப்பாற்றினேன். பிறகு தாங்கவில்லை. அப்புச்சி சோபாவில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். காதில் போய்ச் சொன்னேன். அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"ட்விகா பாக்கவா? அம்மாவா சொன்னா?"

நான் தலையாட்டினேன்.

"எதுக்குன்னு சொன்னாளா?"

சர்ப்ரைஸுக்கு எதுக்கு என்று ஒரு காரணம் இருக்குமா என்ன? நான் தோளைக் குலுக்கினேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "செரி கண்ணு. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, மற்ற ஷூவை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். சந்தோஷத்தில் அவருக்குப் பேச்சு வரவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

காலையில் அவர் சவரம் செய்து, இந்தியாவிலிருந்து விமானத்தில் போட்டு வந்த கோட்டைப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். அவர் அறையை எட்டிப் பார்த்தால் போர்வை மடித்திருந்தது. மாத்திரைகள் எல்லாம் ஒரு டப்பாவுக்குள், புத்தகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. அம்மா, "என்னப்பா, இந்த வெயில்ல கோட்டு?" என்றாள். "வெளிய போறோம்னயே பாப்பா" என்று எழுந்தார். நாற்பது வயதுப் பெண்ணை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அப்பாவுக்கு அன்று ஆபீஸில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸ், வரவில்லை. வாசலில் நின்று கார் திரும்பும்வரை கையாட்டினார், அப்பா அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை.

வழியெல்லாம் அப்புச்சி ஒன்றும் தெரியாதவர் போலவே வந்தார். எங்கே போறோம் பாப்பா என்று இரண்டு முறை கேட்டார். நான் பின் சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மா கட்டி வந்திருந்த புளிசாதத்தை ஃப்ரீவேயை ஒட்டிய ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திச் சாப்பிட்டோம். அவர் தன் பங்கு உருளைக்கிழங்கு வறுவலை எனக்குத் தள்ளினார்.

பண்ணை வாசலில் தீவனம் ஒரு காகிதப் பையில் கொடுத்தார்கள், பச்சை உருண்டைகள். உள்ளே நுழைந்த சில நிமிடங்களுக்கு மான்கள்தான். பிறகு வரிக்குதிரை ஒன்று வழிப்பறிக்காரனைப் போல காரை மறித்து, அம்மா பக்கத்து ஜன்னலுக்குள் மூக்கை நுழைத்தது. அம்மா போட்ட கூச்சலில் நானும் அப்புச்சியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் அப்படிச் சிரிப்பதைப் பார்த்தேன்.

வளைவு திரும்பியதும் அவை நின்றுகொண்டிருந்தன. படத்தில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை. முதலில் எனக்குத் தெரிந்தது கால்கள் மட்டும்தான். கண்ணாடி வழியாகக் குனிந்து, இன்னும் குனிந்து, மேலே பார்த்தால் கழுத்து போய்க்கொண்டே இருந்தது. அதன் உச்சியில் இவ்வளவு பெரிய உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத சாதுவான ஒரு முகம், நெற்றிக்கு மேலே மயிர் முளைத்த இரண்டு சின்னக் கொம்புகள். அது காரின் திறந்த கூரை வழியாகத் தலையை உள்ளே விட்டது. காருக்குள் இருட்டிவிட்டது. என் கையிலிருந்த உருண்டையை ஊதா நிறத்தில் கறுத்த, முழம் நீள நாக்கு வந்து சுருட்டி எடுத்துக்கொண்டு போனது. கையெல்லாம் எச்சில். கண் இமை மயிர் ஒவ்வொன்றும் என் விரல் நீளம். நான் கத்தவில்லை, மூச்சுகூட விடவில்லை. உலகத்தில் இதைவிடப் பெரிய சந்தோஷம் இருக்க முடியாது என்று அன்று நினைத்தேன். இன்றுவரை அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

அப்புச்சி அதன் தாடையைத் தொட்டார். நெற்றியைத் தடவினார். கோட்டு முழுக்க ஜொள். "இத்தனை வருசம் அந்த நாட்டுல இருந்தேன், ஒன்னத் தொட்டதில்ல கண்ணு. கிட்டவே வராது. இது என்னடான்னா ஊட்டு மாடு மாதிரி வாயத் தொறந்துட்டு வருது" என்றார். கண் கலங்கியிருந்தது. அம்மா திரும்பி அவரைப் படம் எடுத்தாள். நினைத்தபடி நடந்துவிட்டது, இது போதும் என்கிற திருப்தி அவள் முகத்தில் இருந்தது.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அப்புச்சி, "நிறுத்து பாப்பா" என்றார். சரிவுக்கு அந்தப் பக்கம், ஓக் மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு ஒட்டகச்சிவிங்கி தனியாக நின்று இலை தின்றுகொண்டிருந்தது. கார்கள் பக்கம் வரவே இல்லை. அதற்குத் தீவனப் பை பற்றி யாரும் சொல்லவில்லை போலிருந்தது. "இப்பிடித்தான் நிக்கும், இப்பிடியேதான்" என்றார். அம்மா இன்ஜினை அணைத்தாள். காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அது மெல்வதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் வந்த பிக்கப் டிரக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

அப்போதுதான் அப்புச்சி கேட்டார், பார்வையை அதன் மேலிருந்து எடுக்காமலேயே.

"எப்ப பாப்பா டிக்கெட்?"

அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சர்ப்ரைஸை உடைத்ததைத்தான் கேட்கிறாள் என்று பயந்து, நான் ஒன்றும் சொல்லவில்லை என்று அவசரமாகச் சொன்னேன்.

"அவ ஒன்னும் சொல்லல. ட்விகா காட்டக் கூட்டிட்டு வந்திருக்கறே. இதுக்கு மேல யாராச்சும் சொல்லோணுமா?"

அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கார் நின்றிருந்தது, ஆனாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "வர்ற வெள்ளிக்கிழமைங்கப்பா" என்றாள். பிறகு நிறுத்தாமல் பேசினாள். கோயம்புத்தூர்ல ஒரு எடம், டாக்டர் அங்கயே இருக்கார், சாப்பாடு நம்ம சாப்பாடு, தனி ரூம், வாக்கிங் போக உள்ளேயே தோட்டம், நீங்க தொலஞ்சு போக மாட்டீங்க, இங்க பகல்ல யாருமில்லப்பா, எனக்கு ஆபீஸ்ல உக்காந்தா உங்களுக்கு என்ன ஆச்சோன்னுதான், இன்னைக்கு சாயங்காலம் கண்டிப்பா சொல்லலாம்னுதான் இருந்தேன். சொல்லச் சொல்ல அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிக்கொண்டு வந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நீ பரவால்ல பாப்பா" என்றார். "கேட்டதும் சொல்லிட்டே. நான் உங்கிட்டச் சொல்லவே இல்ல."

அம்மா அப்படியே ஸ்டியரிங் மேல் நெற்றியைச் சாய்த்தாள். ஹார்ன் பெரிதாக அலறியது. மரங்களுக்கு நடுவே நின்றிருந்த ஒட்டகச்சிவிங்கி மெல்வதை நிறுத்தி, கழுத்தைத் திருப்பி, எங்களை ஒரு முறை பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் சரிவில் இறங்கிப் போய்விட்டது. எனக்கு அம்மா மேல் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு தூரம் வந்து, இத்தனை நேரம் சத்தமில்லாமல் இருந்து, கடைசியில் பெரியவர்களே இப்படிச் செய்தால் என்ன செய்வது?

அப்புச்சி அவள் முதுகில் கை வைத்தார். அவளைச் சிரிக்க வைக்கத்தான் நினைத்திருப்பார், அவருக்குத் தெரிந்த கதையையே எடுத்தார். "அன்னிக்கு என்ற மடி மேல ஏறி நின்னு கை தட்டுன பாரு, அந்த ஜீப்புக்காரன்கூடச் சிரிச்சுட்டான்" என்றார்.

அம்மா நிமிர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஞாபகமில்லப்பா" என்றாள்.

"என்ன?"

"ஜிராஃப் பாத்தது. நீங்க சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கா ஒன்னுமே ஞாபகமில்ல."

"ஒன்னு கூடவா?"

"ஒன்னு கூட இல்ல. ஹாஸ்டல் இரும்புக் கேட்டு ஞாபகமிருக்கு. பச்சப் பெயிண்ட்டு. மாமா கையக் கழட்டிட்டுப் போனது ஞாபகமிருக்கு."

அப்புச்சி அதற்குப் பிறகு அந்தக் கதையை யாரிடமும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. பிள்ளையை அனுப்பினோம், ஆனால் அனுப்புமுன் ஒரு நாள் அவளை அப்படிச் சிரிக்க வைத்தோம் என்பதை வைத்துக்கொண்டுதான் அவர் அத்தனை வருடமும் தூங்கியிருக்கிறார். அந்த நினைவும் அவர் ஒருவரிடம்தான் இருந்திருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டார். வரிக்குதிரை ஒன்று வந்து அவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டியது. அவர் பையிலிருந்த உருண்டைகளை எல்லாம் ஒரேயடியாக அதற்குக் கொட்டினார். எனக்கும் பங்கு உண்டே என்று நான் முணுமுணுத்தேன்.

அம்மா பழி வாங்கினாள் என்று நான் நினைக்கவில்லை. தெரிந்தே செய்தாயா என்று இன்றுவரை அவளிடம் கேட்டதும் இல்லை. போகப்போகிறவருக்கு மனசு நிறைய ஏதாவது செய்ய வேண்டும் என்று யோசித்திருப்பாள். அப்படி யோசித்தால் என்ன செய்வது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பள்ளிக்கு லீவு போட்டு, எல்லோரும் டாலஸ் ஏர்போர்ட்டுக்குப் போனோம். வயதானவர்களைத் தனியாக ஏற்றிவிடப் பயப்படுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தமிழர் வாட்ஸப் குழுக்களில், இன்ன தேதியில் ஊருக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் அப்பாவுக்குத் துணையாக வர முடியுமா என்று போட்டுவிடுவார்கள். முகம் தெரியாதவர்கள், ஆனால் யாராவது ஒருவர் கட்டாயம் சரி என்பார்கள், நாளைக்கு அவர்கள் வீட்டுப் பெரியவருக்கும் யாராவது வேண்டும் அல்லவா. அப்புச்சிக்குக் கிடைத்தது கைக்குழந்தையோடு போன ஒரு இளம் தம்பதி. அம்மா அந்த அக்காவிடம், அவருக்குக் காபியில் சர்க்கரை கூடாது, பாத்ரூம் போக வேண்டும் என்றால் வாய்விட்டுக் கேட்க மாட்டார், நீங்கள்தான் அடிக்கடி கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். என்னை டேகேரில் முதல் நாள் விட்டபோது இப்படித்தான் சொன்னதாக அப்பா என்னிடம் கிசுகிசுத்தார். அப்புச்சி கோட்டைப் போட்டுக்கொண்டு வீல்சேரில் உட்கார்ந்து, தன்னைப் பற்றிப் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கோட்டில் ஒட்டகச்சிவிங்கியின் எச்சில் கறை இருந்தது. டிரை கிளீன் பண்ணித் தருகிறேன் என்று அம்மா கேட்டும் அவர் கொடுக்கவில்லை.

செக்யூரிட்டிக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் என்னைக் கூப்பிட்டார். "நல்லாப் பாத்தயா கண்ணு அன்னிக்கு?" என்று கேட்டார். நான், யெஸ் என்றேன். "மறந்துராதே" என்றார். யாராவது ஒட்டகச்சிவிங்கியை மறப்பார்களா, அப்புச்சிக்கு வரவரப் பேசத் தெரியவில்லை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா குனிந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "போ பாப்பா, நேரமாகுது" என்று அவர்தான் அவளை விலக்கினார். அதற்குப் பிறகு நாங்கள் அவரைக் கோயம்புத்தூரில் ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தோம். அடுத்த முறை அம்மா மட்டும் தனியாகப் போனாள், அவர் இறந்து மறுநாள்தான் போய்ச் சேர முடிந்தது.

ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வெளியே இன்னும் நல்ல வெயில் இருந்தது. அப்பா மேலே வேலை பார்க்கப் போய்விட்டார். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னை இழுத்து மடியில் சாய்த்து, என் தலைமுடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "உன்னை நான் எங்கயும் அனுப்ப மாட்டேன், தெரியுமா? எங்கயும்" என்றாள். அந்தக் கோடையில் நான் வகுப்புத் தோழிகளோடு ஒரு வாரம் குதிரைப் பண்ணையில் தங்கும் கேம்ப்புக்குப் போவதாக இருந்தது. மாதக்கணக்காகக் கெஞ்சி, அப்பா ஒருவழியாக சரி என்றிருந்தார். அதுவும் போயிற்றே என்று நினைத்தேன். அழ ஆரம்பித்தேன். நான் அப்புச்சிக்காக அழுகிறேன் என்று நினைத்து அம்மாவும் அழுதாள். ஒரு வாரத்துக்குக்கூட அனுப்ப மாட்டாயா என்று விம்மலுக்கு நடுவே கேட்டேன். அம்மா என்னை எலும்பு நோகும்படி இறுக்கிக்கொண்டு, ஒரு நாளைக்குக்கூட அனுப்ப மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். நான் இன்னும் சத்தமாக அழுதேன்.